டயாலிசிஸ் நோயாளிகளின் ரத்தப் பாதையைக் கண்காணிக்கும் ஒளி உணரிகள்: செயல்படும் முறையும் வரம்புகளும்

டயாலிசிஸ் சிகிச்சை பெறும் ஒருவரின் கையில், தமனியும் சிரையும் இணைக்கப்பட்ட இடத்தில் விரல் வைத்தால், தோலுக்கு அடியில் இடைவிடாத மெல்லிய அதிர்வு தெரியும். தமனியின் ரத்தம் சிரைக்குள் விரைந்து பாய்வதால் எழும் அதிர்வு அது. அந்த அதிர்வு அடங்கிவிட்டால், அடுத்த டயாலிசிஸ் நடக்குமா என்பதே கேள்விக்குறியாகிவிடும்.

சிறுநீரக மருத்துவத்தில் இந்த ரத்தப் பாதையை நோயாளியின் உயிர்நாடி என்றே குறிப்பிடுகின்றனர். அது அடைபடுவதற்கு முன்பே எச்சரிக்கும் வழிகளைத் தேடும் முயற்சியில், ஒளியைப் பயன்படுத்தும் உணரிகள் முக்கிய இடம் பெற்றுள்ளன. இவற்றுள் சில, டயாலிசிஸ் மையங்களில் பல ஆண்டுகளாகப் பயன்பாட்டில் உள்ளன. வேறு சில இன்னும் ஆய்வு நிலையிலேயே இருக்கின்றன. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை அறிவது நோயாளிகளுக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் அவசியமாகிறது.

தனி ரத்தப் பாதை ஏன்?

சிறுநீரகங்கள் செயலிழந்த நிலையில், ரத்தத்தில் சேரும் கழிவுகளையும் மிகை நீரையும் இயந்திரத்தின் மூலம் அகற்றும் சிகிச்சையே ஹீமோடயாலிசிஸ். பொதுவாக வாரத்துக்கு 3 முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் இச்சிகிச்சை அளிக்கப்படுகிறது. இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் ரத்தத்தை எடுப்பதாகக் கொண்டால், 4 மணி நேரத்தில் 72 லிட்டர் ரத்தம் அதன் வழியே சென்று திரும்புகிறது. ஒரு பெரியவரின் உடலில் இருக்கும் ரத்தம் சுமார் 5 லிட்டர் மட்டுமே. அதே ரத்தம்தான் மீண்டும் மீண்டும் சுற்றி வருகிறது.

தோலுக்கு அடியில் உள்ள சாதாரணச் சிரையால் இந்த அளவு ரத்தத்தைத் தர இயலாது. தமனியில் வேகம் உண்டு. ஆனால் அது ஆழத்தில் இருப்பதாலும், அழுத்தம் மிகுந்திருப்பதாலும், அடிக்கடி ஊசி செலுத்த ஏற்றதல்ல. எனவே தமனியின் வேகமும் சிரையின் எளிய அணுக்கமும் ஒன்றுசேர்ந்த ஒரு பாதை தேவைப்படுகிறது.

இதற்கு மூன்று வழிகள் உள்ளன. முதலாவது, கையில் உள்ள தமனியைச் சிரையுடன் அறுவை சிகிச்சை மூலம் நேரடியாக இணைக்கும் ஃபிஸ்டுலா. இரண்டாவது, இரண்டையும் செயற்கைக் குழாயால் இணைக்கும் கிராஃப்ட். மூன்றாவது, கழுத்து அல்லது தொடைப் பகுதியின் பெரிய சிரைக்குள் செலுத்தப்படும் கதீட்டர். மூன்றிலும் நோய்த்தொற்று அபாயம் குறைந்ததும் நீண்ட காலம் பயன்படக்கூடியதும் ஃபிஸ்டுலாவே என்பதால், உரிய ரத்த நாளங்கள் உள்ளவர்களுக்கு மருத்துவர்கள் பெரும்பாலும் அதையே பரிந்துரைக்கின்றனர்.

ஃபிஸ்டுலா அமைத்த உடனே அதைப் பயன்படுத்த முடியாது. தமனியின் அழுத்தத்தை ஏற்று, சிரை விரிந்து தடிக்கப் பல வாரங்கள் ஆகும். மணிக்கட்டில் உள்ள தமனியில் சாதாரணமாக நிமிடத்துக்குச் சில பத்து மில்லிலிட்டர் ரத்தமே ஓடும். ஃபிஸ்டுலா முதிர்ந்த பின் இந்த அளவு 600 முதல் 1,000 மில்லிலிட்டர் வரையிலும், சிலருக்கு அதற்கு மேலும் உயர்கிறது.

ஒரு வரலாற்றுத் தடை

டயாலிசிஸ் இயந்திரம் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், நாள்பட்ட நோயாளிகளைக் காப்பாற்ற முடியாமல் போனதற்குக் காரணமே ரத்தப் பாதை இல்லாததுதான். நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் கோல்ஃப் 1943ஆம் ஆண்டில் இயந்திரத்தை உருவாக்கினார். ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு புதிய ரத்த நாளத்தைத் திறக்க வேண்டியிருந்ததால், சில முறைக்கு மேல் சிகிச்சையைத் தொடர இயலவில்லை.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் மருத்துவர் பெல்டிங் ஸ்கிரிப்னர், 1960ஆம் ஆண்டில் டெஃப்லான் குழாய்களைத் தமனியிலும் சிரையிலும் பொருத்தி, அவற்றைத் தோலுக்கு வெளியே இணைத்து வைக்கும் முறையைக் கொண்டுவந்தார். நீண்டகால டயாலிசிஸ் அப்போதுதான் சாத்தியமானது. எனினும் வெளியே இருந்த குழாய்களில் நோய்த்தொற்றும் ரத்த உறைவும் அடிக்கடி ஏற்பட்டன. நியூயார்க்கைச் சேர்ந்த பிரெஷ்யா, சிமினோ உள்ளிட்ட மருத்துவர்கள், செயற்கைக் குழாய் ஏதுமின்றித் தமனியையும் சிரையையும் தோலுக்கு உள்ளேயே இணைக்கும் ஃபிஸ்டுலா முறையை 1966ஆம் ஆண்டில் வெளியிட்டனர். அரை நூற்றாண்டுக்கும் மேலாகியும் இம்முறையே முதல் தேர்வாக நீடிக்கிறது.

பாதை பழுதடைவது எவ்வாறு?

தமனியின் வேகத்தைத் தாங்குவதற்காக இயற்கையில் சிரை உருவானதல்ல. ரத்தச் சுழல், மாறுபடும் அழுத்தம், வாரந்தோறும் துளைக்கும் ஊசிகள் ஆகியவற்றால் சிரையின் உட்சுவரில் செல்கள் பெருகித் தடிமன் கூடுகிறது. இதனால் உள்விட்டம் படிப்படியாகக் குறுகுகிறது. குறுகிய இடத்தில் ஓட்டம் தளரும்போது ரத்தம் உறைந்து, பாதை முற்றிலும் அடைபடுகிறது.

விட்டம் பாதியாகக் குறைந்தால், குழாயின் குறுக்குவெட்டுப் பரப்பு கால் பங்காகிவிடும். ஆயினும் தொடக்கத்தில் ரத்த ஓட்டத்தின் அளவில் பெரிய மாற்றம் தெரிவதில்லை. குறுக்கம் ஏறத்தாழப் பாதியை எட்டும்வரை ஓட்டம் மெதுவாகவே குறைந்து, அதைக் கடந்த பின் வேகமாகச் சரிகிறது. மாதம் ஒரு முறை செய்யப்படும் பரிசோதனையில் இயல்பாகத் தெரிந்த ஃபிஸ்டுலா, அடுத்த பரிசோதனைக்குள் அடைபட்டுப் போவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த இடைவெளிதான் சிக்கலின் மையம். ஓட்டம் சரியத் தொடங்கும் தருணத்தைக் கண்டறிந்தால், பலூன் மூலம் குறுக்கத்தை விரிக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி சிகிச்சையால் பாதையைக் காப்பாற்ற வாய்ப்புண்டு. அடைபட்ட பின் தாமதமானால் அந்த ஃபிஸ்டுலாவை இழந்து, கழுத்தில் கதீட்டர் பொருத்திக்கொண்டு, வேறோர் இடத்தில் மீண்டும் அறுவை சிகிச்சை செய்துகொள்ள நேரிடும். ஒருவரது கைகளில் இதற்கு ஏற்ற இடங்கள் மிகச் சிலவே உள்ளன.

நடைமுறையில் உள்ள சோதனைகள்

கண்ணால் பார்த்தல், விரலால் தொட்டுணர்தல், ஸ்டெதஸ்கோப்பால் கேட்டல் ஆகிய மூன்றுமே இன்றும் முதன்மையான சோதனைகளாகும். ஃபிஸ்டுலா உள்ள கையை மேலே உயர்த்தும்போது புடைத்த சிரை தளர்ந்து தாழ வேண்டும். அது தாழாமல் புடைத்தே இருந்தால், இதயத்தை நோக்கிச் செல்லும் பாதையில் குறுக்கம் இருக்கலாம். சிரையை மேற்பகுதியில் விரலால் அழுத்தும்போது, இணைப்புக்கு அருகே நாடித்துடிப்பு வலுவடைய வேண்டும். வலுவடையாவிட்டால், ரத்தம் வந்து சேரும் பகுதியில் குறுக்கம் இருப்பதாகச் சந்தேகிக்கப்படுகிறது.

கருவிகளைப் பொறுத்தவரை, டாப்ளர் ஸ்கேன் குறுக்கத்தின் இடத்தையும் ரத்த ஓட்டத்தின் அளவையும் காட்டுகிறது. ஆனால் அதற்கு ஸ்கேன் இயந்திரமும் பயிற்சி பெற்ற வல்லுநரும் தேவை. டயாலிசிஸ் நடைபெறும்போதே உப்புநீரைச் செலுத்தி ரத்தம் நீர்த்துப் போவதை அல்ட்ராசவுண்ட் உணரிகளால் அளந்து, ஓட்டத்தைக் கணக்கிடும் முறையும் உள்ளது. இவை அனைத்தும் ஒரு குறிப்பிட்ட நாளின் நிலையை மட்டுமே சொல்லக்கூடியவை. இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட நாள்களில் நடப்பதை அவை அறியா.

ஒளி ரத்தத்தை அறிவது எப்படி?

ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின், குறிப்பிட்ட அலைநீளங்களைக் கொண்ட ஒளியை உறிஞ்சும் தன்மை உடையது. தோலின் மீது ஒளியைச் செலுத்தி, திரும்பி வரும் ஒளியின் அளவைப் பதிவு செய்தால், அவ்விடத்தில் ரத்தத்தின் அளவு மாறுவதை அறியலாம். இதயம் துடிக்கும்போது ரத்தம் மிகுந்து ஒளி குறைவாகத் திரும்புகிறது. துடிப்புகளுக்கு இடையே ஒளி மிகுந்து திரும்புகிறது. இந்த ஏற்ற இறக்கம் ஓர் அலைவடிவமாகப் பதிவாகிறது. ஃபோட்டோபிளெதிஸ்மோகிராஃபி எனப்படும் இம்முறை 1930களிலேயே விவரிக்கப்பட்டது.

ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி, இதே அடிப்படையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைத் தொடர்ந்து அறியும் வழியை 1974ஆம் ஆண்டில் வெளியிட்டார். கொரோனா காலத்தில் இந்திய வீடுகளில் பரவலாகப் புழங்கிய பல்ஸ் ஆக்சிமீட்டர் அதன் வழிவந்ததே. ஸ்மார்ட் வாட்சுகளின் பின்புறம் ஒளிரும் பச்சை விளக்கும் இத்தகைய ஓர் உணரிதான்.

எந்த ஒளியைப் பயன்படுத்துவது என்பது முக்கியமான தேர்வு. பச்சை ஒளி தோலின் மேலடுக்கைத் தாண்டி அதிகம் ஊடுருவாது. சிவப்பு ஒளியும், கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்பு ஒளியும் சில மில்லிமீட்டர் ஆழம் வரை செல்லும். ஊசி செலுத்த ஏற்ற ஃபிஸ்டுலா, தோலில் இருந்து 6 மில்லிமீட்டருக்கு மேற்படாத ஆழத்தில் இருப்பது நல்லது என்பது மருத்துவர்கள் பின்பற்றும் அளவுகோல். அகச்சிவப்பு ஒளி ஓரளவுக்கு எட்டக்கூடிய ஆழமே அது.

இயந்திரத்தில் இணையும் உணரி

ஒளியைக் கொண்டு ரத்தப் பாதையை அளக்கும் முறைகளில் நெடுநாள் புழக்கத்தில் இருப்பது, டயாலிசிஸ் குழாயிலேயே பொருத்தப்படும் உணரியாகும். ரத்தக் குழாயில் இணைக்கப்பட்ட ஒளிபுகும் சிறு அறையின் வழியே ரத்தம் செல்லும்போது, அதன் ஊடே ஒளி பாய்ச்சப்படுகிறது. ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினும் ஆக்சிஜன் இழந்த ஹீமோகுளோபினும் சுமார் 805 நானோமீட்டர் அலைநீளத்தில் ஒளியை ஒரே அளவில் உறிஞ்சுகின்றன. அந்த அலைநீளத்தை ஒட்டி அளந்தால், ஆக்சிஜன் அளவின் குறுக்கீடு இல்லாமல், ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கை அறிய முடிகிறது. கிரிட்-லைன் என்னும் கருவி இத்தகையது. நோயாளியின் உடலில் இருந்து நீர் எவ்வளவு வேகத்தில் அகற்றப்படுகிறது என்பதைக் கண்காணிக்கவே அது பெரிதும் பயன்படுகிறது.

ஃபிஸ்டுலாவின் ஓட்டத்தையும் இதே ஒளி அளவீட்டால் கணக்கிடலாம். இதற்காக இயந்திரத்தின் இரு குழாய்களும் சிறிது நேரம் இடம் மாற்றி இணைக்கப்படும். அப்போது சுத்திகரிக்கப்பட்டுத் திரும்பும் ரத்தம் ஃபிஸ்டுலாவின் மேல்நிலையில் நுழைந்து, அதில் ஒரு பகுதி மீண்டும் இயந்திரத்துக்கே வந்து சேரும். திரும்பும் ரத்தத்தை உப்புநீரால் நீர்க்கச் செய்தால், மீண்டும் வந்து சேரும் பங்கு எவ்வளவு என்பதை ஒளி உணரி காட்டிவிடும்.

எடுத்துக்காட்டாக, இயந்திரம் நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் எடுக்கும்போது, அதில் மூன்றில் ஒரு பங்கு ஏற்கெனவே சுத்திகரிக்கப்பட்ட ரத்தமாக இருந்தால், ஃபிஸ்டுலாவின் ஓட்டம் நிமிடத்துக்கு 600 மில்லிலிட்டர் எனக் கணக்கிடப்படுகிறது. இந்தப் பங்கு பாதியாக உயர்ந்தால், ஓட்டம் 300 மில்லிலிட்டராகக் குறைந்துவிட்டது என்று பொருள். ஃபிஸ்டுலாவில் ஓட்டம் 400 முதல் 500 மில்லிலிட்டருக்குக் கீழே இறங்குவது, கூடுதல் பரிசோதனை தேவைப்படுவதற்கான அறிகுறியாகப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஒரே ஓர் அளவீட்டைவிட, தொடர்ந்து எடுக்கப்பட்ட அளவீடுகள் இறங்குமுகமாக இருப்பதே மருத்துவருக்கு அதிகம் உதவும்.

தோலின் மீது வைக்கும் உணரி

ஊசியோ குழாயோ இன்றி, ஃபிஸ்டுலாவின் மேல் தோலில் வைக்கப்படும் சிறு உணரியைக் கொண்டு குறுக்கத்தை அறியும் முயற்சிகள் இப்போது ஆய்வாளர்களின் கவனத்தை ஈர்த்துள்ளன. குறுக்கத்துக்கு முன்னும் பின்னும் நாடி அலையின் உயரம், அது எழும் வேகம், வந்து சேரும் நேரம் ஆகியவை வேறுபடுகின்றன. இரு கைகளின் விரல்களிலும் ஒரே நேரத்தில் அலையைப் பதிவு செய்து, அவற்றுக்கிடையேயான வேறுபாட்டைக் கொண்டு குறுக்கத்தை மதிப்பிடும் முறையும் ஆராயப்பட்டுள்ளது.

இத்துறையில் தைவான் ஆய்வாளர்களின் பங்களிப்பு குறிப்பிடத்தக்கது. ஃபிஸ்டுலாவின் மேல் ஒளி உணரியை வைத்துப் பெற்ற அலைவடிவங்களை இயந்திரக் கற்றல் முறையில் பகுப்பாய்ந்து, குறுக்கத்தின் அளவையும் ரத்த ஓட்டத்தையும் மதிப்பிடும் ஆய்வொன்று 2019ஆம் ஆண்டில் வெளியானது. லேசர் ஒளி ரத்த அணுக்களில் பட்டுச் சிதறுவதால் உண்டாகும் நுண்புள்ளிகளின் அசைவைக் கொண்டு ஓட்டத்தின் வேகத்தை அறியும் முறையும் ஆராயப்பட்டு வருகிறது.

இவற்றின் நோக்கம் ஒன்றே. நோயாளி வீட்டில் இருக்கும்போதே நாள்தோறும், தேவைப்பட்டால் மணிதோறும் அளவெடுத்து, மாற்றம் தெரிந்தால் மையத்துக்குத் தகவல் தெரிவிப்பது. மாதாந்திரப் பரிசோதனைகளுக்கு இடையில் உள்ள அந்த இடைவெளியை நிரப்புவதே இவற்றால் கிடைக்கக்கூடிய பெரும் பயன்.

ஆனால் இவ்வகை உணரி நேரடியாகத் தருவது ஒளியின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே. நிமிடத்துக்கு இத்தனை மில்லிலிட்டர் என்ற அளவை அல்ல. அந்த அளவைப் பெற, டாப்ளர் போன்ற வேறொரு முறையோடு ஒப்பிட்டுப் பழக்கப்படுத்த வேண்டும். கை அசைவு, உணரியை அழுத்தும் விசை, வெளி வெளிச்சம், தோலின் குளிர்ச்சி, குறைந்த ரத்த அழுத்தம், சீரற்ற இதயத் துடிப்பு ஆகிய ஒவ்வொன்றும் அலைவடிவத்தை மாற்றக்கூடும். சிறுநீரக நோயாளிகளிடம் பரவலாகக் காணப்படும் ரத்தசோகையும் தமனி இறுக்கமும் கணக்கை மேலும் சிக்கலாக்குகின்றன.

ஊசி நழுவினால்

ஒளி உணரிகள் ஏற்கெனவே உயிர்காக்கும் பணியில் உள்ள மற்றொரு இடம், ஊசி நழுவுவதைக் கண்டறிவது. சுத்திகரிக்கப்பட்ட ரத்தத்தை உடலுக்குள் திருப்பி அனுப்பும் ஊசி கையில் இருந்து வெளிவந்துவிட்டால், இயந்திரம் ரத்தத்தை வெளியே கொட்டத் தொடங்கும். நிமிடத்துக்கு 300 மில்லிலிட்டர் என்ற வேகத்தில், 5 நிமிடங்களில் ஒன்றரை லிட்டர் ரத்தம் வெளியேறிவிடும். நோயாளி உறங்கிக்கொண்டிருந்தாலோ, கை போர்வைக்குள் இருந்தாலோ ஆபத்து மேலும் அதிகம்.

இயந்திரத்தில் அழுத்தம் குறைந்தால் ஒலிக்கும் எச்சரிக்கை மணி உண்டு. எனினும் மெல்லிய ஊசியில் ஏற்படும் தடையே அழுத்தத்தின் பெரும்பகுதியாக இருப்பதால், ஊசி வெளிவந்த பின்னும் அழுத்தம் போதிய அளவு குறையாமல் மணி ஒலிக்காமலே போகலாம். இக்குறையை ஈடுசெய்ய, ஊசி குத்திய இடத்தின் மேல் ஒட்டப்படும் ஒளியிழை உணரிகள் உருவாக்கப்பட்டன. சுவீடனில் உருவான ரெட்சென்ஸ் இவ்வகையைச் சேர்ந்தது. ரத்தம் கசிந்து பட்டையில் படும்போது ஒளியின் அளவு மாறுகிறது. உடனே எச்சரிக்கை எழுகிறது. அடைப்பைக் கணிப்பதைவிட எளிய பணி என்பதால், இதில் ஒளி உணரியின் பயன் தெளிவாகத் தெரிகிறது.

விரல்களுக்கு ரத்தம் செல்கிறதா?

ஃபிஸ்டுலா வழியே ரத்தம் அளவுக்கு மீறிப் பாய்ந்தால், உள்ளங்கைக்கும் விரல்களுக்கும் போதிய ரத்தம் சென்று சேராமல் போகலாம். விரல்கள் குளிர்ந்து, வலித்து, மரத்துப்போகும். கடுமையான நிலையில் புண்ணும் ஏற்படும். சர்க்கரை நோயாளிகளுக்கும் முதியவர்களுக்கும் இந்த அபாயம் அதிகம்.

இதைக் கண்டறிய, விரலில் பொருத்தும் ஒளி உணரியும் சிறு அழுத்தப்பட்டையும் சேர்த்துப் பயன்படுத்தப்படுகின்றன. விரலில் அளந்த ரத்த அழுத்தத்தைக் கையின் மேற்பகுதி அழுத்தத்தால் வகுக்கும்போது கிடைக்கும் விகிதம் 0.6க்குக் கீழே இருந்தால், விரல்களுக்கு ரத்தம் குறைவது சந்தேகிக்கப்படுகிறது. ஃபிஸ்டுலாவைச் சில நொடிகள் அழுத்திப் பிடிக்கும்போது விரலின் அலைவடிவம் உயர்ந்தால், அந்தச் சந்தேகம் வலுப்படுகிறது.

தோலின் நிறம் எழுப்பும் கேள்வி

தோலுக்கு நிறம் தரும் மெலனினும் ஒளியை உறிஞ்சக்கூடியது. அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வில், பல்ஸ் ஆக்சிமீட்டர் கண்டறியத் தவறிய ஆக்சிஜன் குறைபாடு, வெள்ளையின நோயாளிகளைவிடக் கறுப்பின நோயாளிகளிடம் ஏறத்தாழ 3 மடங்கு அதிகமாகக் காணப்பட்டது. இதைத் தொடர்ந்து எழுந்த விவாதத்தின் விளைவாக, ஆக்சிமீட்டர்களைப் பல்வேறு தோல் நிறமுடையோரிடம் சோதிப்பதற்கான வரைவு வழிகாட்டுதலை அந்நாட்டின் உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2025 ஜனவரியில் வெளியிட்டது.

அந்த ஆய்வு ஆக்சிஜன் அளவைப் பற்றியது, ஃபிஸ்டுலாவைப் பற்றியதன்று. எனினும் தோல் வழியே ஒளியைச் செலுத்தும் எல்லாக் கருவிகளுக்கும் அந்தக் கேள்வி பொருந்தும். மெலனின் பச்சை ஒளியை அதிகமாகவும், அகச்சிவப்பு ஒளியைக் குறைவாகவும் உறிஞ்சுகிறது. வெளிர்நிறத் தோலுடையோரிடம் மட்டும் பழக்கப்படுத்தப்பட்ட உணரி, பல தோல் நிறங்கள் கொண்ட இந்தியாவில் அதே துல்லியத்தைத் தரும் என்று கருத முடியாது. இந்திய நோயாளிகளிடம் தனியே சோதித்துப் பார்ப்பது இதனால் இன்றியமையாததாகிறது.

முன்கூட்டியே அறிந்தால் போதுமா?

குறுக்கத்தை முன்னதாகக் கண்டறிந்தால் ஃபிஸ்டுலாவின் ஆயுள் நீளும் என்பது இயல்பான எதிர்பார்ப்பு. ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகள் அதை முழுமையாக உறுதிசெய்யவில்லை. ரத்த ஓட்டத்தை முறையாக அளந்து வந்தவர்களின் ஃபிஸ்டுலாக்களில் ரத்த உறைவு குறைந்தது. எனினும் ஃபிஸ்டுலாவை இழப்பது குறைந்ததாகத் தெளிவாக நிறுவப்படவில்லை. செயற்கைக் குழாய்களில் இந்தப் பயனும் தென்படவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. எல்லாக் குறுக்கமும் அடைப்பில் முடிவதில்லை. பலூன் சிகிச்சையும் ரத்த நாளத்தின் உட்சுவரைக் காயப்படுத்துவதால், அதே இடத்தில் மீண்டும் தடிப்பு உண்டாகலாம். எனவேதான் அமெரிக்கத் தேசியச் சிறுநீரக அறக்கட்டளையின் திருத்தப்பட்ட வழிகாட்டுதல்கள், நேரடிப் பரிசோதனையில் அறிகுறிகள் ஏதுமில்லாதபோது, கருவியின் அளவீட்டை மட்டும் நம்பி முன்கூட்டியே பலூன் சிகிச்சை செய்வதைப் பரிந்துரைக்கவில்லை.

ஒளி உணரிகளுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். அடிக்கடி பொய்யான எச்சரிக்கை தரும் கருவி, தேவையற்ற சிகிச்சைக்கும் செலவுக்கும் வழிவகுக்கும். குறுக்கத்தை எவ்வளவு துல்லியமாகக் கண்டறிகிறது என்பதோடு, அதைப் பயன்படுத்தியவர்களின் ஃபிஸ்டுலா நீண்ட காலம் உழைத்ததா என்பதே இறுதியான அளவுகோலாக இருக்க வேண்டும்.

இந்தியாவின் தேவை

நாட்டில் ஆண்டுதோறும் சுமார் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகச் செயலிழப்பு முற்றிய நிலையை எட்டுவதாகவும், இதனால் 3.4 கோடி டயாலிசிஸ் அமர்வுகள் கூடுதலாகத் தேவைப்படுவதாகவும் 2016-17ஆம் ஆண்டுக்கான மத்திய நிதிநிலை அறிக்கை உரையில் தெரிவிக்கப்பட்டது. அப்போது நாட்டில் இருந்த சுமார் 4,950 மையங்களில் பெரும்பாலானவை தனியார் துறையிலும் பெருநகரங்களிலுமே இருந்தன. ஓர் அமர்வுக்குச் சுமார் ரூ.2,000 வீதம், ஆண்டுக்கு ரூ.3 லட்சத்துக்கு மேல் செலவாகும் என்றும் அந்த உரை சுட்டிக்காட்டியது. இதன் தொடர்ச்சியாகவே, மாவட்ட மருத்துவமனைகளில் அரசு-தனியார் பங்களிப்புடன் பிரதமரின் தேசிய டயாலிசிஸ் திட்டம் செயல்படுத்தப்பட்டது.

மையங்கள் பரவலாகும்போது, ரத்தப் பாதையைப் பாதுகாக்கும் வசதியும் உடன் செல்ல வேண்டியுள்ளது. மாவட்ட மையத்தில் டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவரின் ஃபிஸ்டுலா அடைபட்டால், அதைச் சீரமைக்கும் ரத்தநாள அறுவை சிகிச்சை நிபுணர் பெரும்பாலும் பெருநகரத்திலேயே இருப்பார். அங்கு சென்று சேர்வதற்குள் ஒரு நாள் கழிந்துவிட்டால், உறைகட்டியை அகற்றிப் பாதையை மீட்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். முன்னறிவிப்பின் மதிப்பு இத்தகைய தொலைவுகளில்தான் மிகுதியாக உணரப்படுகிறது.

ஸ்கேன் இயந்திரத்தைப் பொறுத்தவரை, இந்தியாவில் மற்றொரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. கருவின் பாலினத்தை அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, அல்ட்ராசவுண்ட் இயந்திரங்கள் பதிவு செய்யப்பட வேண்டும். அவற்றை உரிய தகுதியுடையவர்களே இயக்க வேண்டும். பெண் சிசுக்களைக் காக்க அவசியமான இந்தக் கட்டுப்பாட்டால், டயாலிசிஸ் செவிலியரோ தொழில்நுட்பரோ படுக்கையருகே ஸ்கேன் கருவியை எளிதில் பயன்படுத்த இயலாது. கருவைப் படம்பிடிக்கும் திறனற்ற, விலை குறைந்த ஒளி உணரி, போதிய துல்லியம் நிறுவப்பட்டால், இத்தகைய மையங்களில் முதற்கட்டச் சோதனைக்கு உதவக்கூடும். அதில் ஐயம் எழுந்தவர்களை மட்டும் டாப்ளர் பரிசோதனைக்கு அனுப்பலாம்.

இத்தகைய கருவிகள் இந்தியாவில் விற்பனைக்கு வர, மருத்துவச் சாதனங்கள் விதிகள் 2017இன் கீழ் மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு வகுத்துள்ள ஒழுங்குமுறைக்கு உட்பட வேண்டும். 2020 ஏப்ரல் 1 முதல் எல்லா மருத்துவச் சாதனங்களும் இந்த ஒழுங்குமுறையின் கீழ் கொண்டுவரப்பட்டுள்ளன.

நோயாளிகள் கவனிக்க வேண்டியவை

எந்தக் கருவியும் இல்லாத நிலையிலும், நோயாளியின் விரல் ஒரு நம்பகமான உணரியாகும். நாள்தோறும் காலையிலும் இரவிலும் ஃபிஸ்டுலாவின் மேல் விரல் வைத்து அதிர்வை உணர்ந்து பார்க்குமாறு மருத்துவர்கள் அறிவுறுத்துகின்றனர். வழக்கமான அதிர்வு குறைந்தாலோ, அதற்கு மாறாக நாடி போன்ற கடுமையான துடிப்பு தெரிந்தாலோ, மையத்துக்கு உடனே தெரிவிக்க வேண்டும். அதிர்வு முற்றிலும் நின்றுவிட்டால், அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திராமல் அன்றே மருத்துவமனையை அணுக வேண்டும்.

கை வீங்குதல், ஊசியை எடுத்த பின் வழக்கத்தைவிட நீண்ட நேரம் ரத்தம் கசிதல், ஊசி செலுத்துவதில் திடீர்ச் சிரமம், விரல்கள் குளிர்ந்து வலித்தல், சிவத்தல், சீழ், காய்ச்சல் ஆகியவையும் எச்சரிக்கை அறிகுறிகளே.

ஃபிஸ்டுலா உள்ள கையில் ரத்த அழுத்தம் பார்க்கவோ, ரத்தம் எடுக்கவோ, சொட்டு மருந்து ஏற்றவோ அனுமதிக்கக் கூடாது. அக்கையில் இறுக்கமான வளையல், கைக்கடிகாரம் அணிவதையும், கையைத் தலைக்கு அடியில் வைத்து உறங்குவதையும், பெரும் பாரம் தூக்குவதையும் தவிர்க்க வேண்டும். ஸ்மார்ட் வாட்சுக்கும் இது பொருந்தும். அதில் உள்ள ஒளி உணரி நாடித்துடிப்பை அறிவதற்காக உருவாக்கப்பட்டது. ஃபிஸ்டுலாவின் நிலையை அறிய அதை நம்பக் கூடாது. அணிய விரும்புவோர் மறு கையில் அணியலாம்.

சிறுநீரக நோய் முற்றிவரும் நிலையில் இருப்பவர்கள், டயாலிசிஸ் தொடங்குவதற்குச் சில மாதங்கள் முன்னதாகவே ஃபிஸ்டுலா குறித்து மருத்துவரிடம் கலந்து பேசுவது நல்லது. பொதுவாக, அதிகம் பயன்படுத்தாத கையின் சிரைகளை ஊசி குத்தாமல் பாதுகாப்பது பிற்காலத்தில் பெரிதும் உதவும்.

விரல் உணரும் அதிர்வை அளவாகவும் பதிவாகவும் மாற்றுவதே ஒளி உணரிகளின் பணி. அந்தப் பதிவு எதைக் குறிக்கிறது, எப்போது செயல்பட வேண்டும் என்பதை முடிவு செய்ய, நோயாளியின் கையைத் தொட்டுப் பார்க்கும் மருத்துவரும் செவிலியரும் தொடர்ந்து தேவைப்படுவர்.